மீன் சந்தையில் திறந்த பெட்டி

சங்கப் பெட்டி வெளியே வருகிற நாளில் எங்கள் ஊர்ப் பீப்பாய்க்காரர்களுக்குக் கால் தரையில் பாவாது. திராட்சை விளைந்ததோ கருகியதோ, ரைன் ஆறு உறைந்ததோ ஓடுகிறதோ, பெரிய நோன்புக்கு முந்தின வாரம், பீப்பாய் கட்டுகிறவர்கள் சங்கத்துச் சட்ட ஏடும் முத்திரையும் அடைத்த அந்தப் பெட்டி சங்க மண்டபத்துப் படியிறங்கி வந்தே ஆகவேண்டும். முன்னால் மேளமும் குழலும். பின்னால் பச்சை இலை சுற்றிய பீப்பாய் வளையங்களைச் சுழற்றிக்கொண்டு ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு பீப்பாய்க்காரர் வீட்டு வாசலிலும் பெட்டி நிற்கும். அந்த வீட்டார் ஒயின் ஊற்றவேண்டும், வந்தவர்கள் குடிக்கவேண்டும். எங்கள் ஊரில் பீப்பாய்க்காரர் வீடுகள் கொஞ்சநஞ்சமா? மதியத்துக்குள் மனிதர்கள் பெட்டியைத் தூக்குகிறார்களா, பெட்டி மனிதர்களைத் தூக்குகிறதா என்று பார்க்கிறவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அன்றைக்கு ஒட்டிலி விடிந்ததிலிருந்து தன் பட்டறை வாசலில் ஒயின் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போக மனசில்லை. போன வருஷம் இதே சமயத்தில் அவள் புருஷன் யோஸ்ட் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சங்கத்துச் சட்டப்படி பீப்பாய்க்காரன் செத்தால் அவன் பெண்டாட்டி அடுத்த பெட்டி ஊர்வலம் வரைக்கும் பட்டறையை நடத்தலாம். பெட்டி ஊரைச் சுற்றிவிட்டு மண்டபத்துக்குள் ஏறியதும் அவள் கெடு முடிந்துவிடும். அதற்குள் தொழில் தெரிந்த ஒருவனைக் கட்டிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்தவேண்டும்.

கட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. பட்டறையில் வேலை பார்க்கிற மெல்கியோர் இருந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் அவன் வயசுதான் இருக்கும். அதுவும் போக, மீன்காரி ஊர்சலின் மகளைப் பார்த்தால் அவன் கையில் இருக்கிற கொட்டாப்புளி தானாக நழுவிக் காலில் விழும். அப்படிப்பட்டவனை இழுத்துவந்து கோயிலில் நிறுத்த ஒட்டிலிக்கு மனம் வரவில்லை. பட்டறையை மூடினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பட்டறை யோஸ்டின் தம்பி வெண்டெலுக்குப் போகும், அவனும் பீப்பாய்க்காரன்தான். அவள் கதி என்ன என்பதை அவனே பெருந்தன்மையோடு சொல்லியிருந்தான். "எங்க வீட்ல ஒரு மூலை இல்லாமலா போயிரும், அண்ணி? கொழந்தைங்களப் பாத்துக்கிட்டுக் கெடங்க." அவனுக்கு ஆறு குழந்தைகள். ஆறும் கடிக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பட்டறை அவளுடையதாகவே இருக்கவேண்டும். யோஸ்ட் இருந்தபோதே பலகை இழைத்தது அவள், வளையம் ஏற்றியது அவள். அவன் வாசலில் உட்கார்ந்து வியாபாரம் பேசுவான், அதில் அவன் கெட்டிக்காரன். கொதிக்கிற தண்ணீரில் ஊறின ஓக் பலகை வளைந்து கொடுக்கும்போது வருகிற வாசனை இருக்கிறதே, அது இல்லாமல் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அவள் ஊர்சலிடம் சொல்லியிருக்கிறாள். ஊர்சல் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு விலாங்கு வாசனை இல்லாமல் நன்றாகவே இருக்க முடியும் என்று சொன்னாள்.

இதைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சங்கத்தில் எதைக் கேட்டாலும் பெட்டி திறந்திருக்கும்போது கேட்டால்தான் கேள்வி. மற்ற நேரத்தில் கேட்டால் அது வெறும் பேச்சு, காற்றோடு போச்சு. பெட்டியோ மண்டபத்தில்தான் திறக்கும். மண்டபத்துப் படியில் பெண்பிள்ளை கால் வைக்கக் கூடாது. ஆகவே விதவைக்காக ஓர் ஆண் காப்பாளன் போய்ப் பேசவேண்டும். ஒட்டிலிக்குக் காப்பாளன் யார்? வேறு யார், சாட்சாத் வெண்டெல்தான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. அந்த வருஷத்தில் சங்கம் கூடியபோதெல்லாம் அவள் அவனிடம் சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணி, நான் எவ்வளவோ மன்றாடினேன் என்பான். போன வாரம்தான் மெல்கியோர் விஷயத்தை உடைத்தான். கூட்டத்தில் ஒயின் ஊற்ற அவன்தான் போயிருந்தான். வெண்டெல் குடிப்பதற்கு வாயைத் திறந்தானே தவிர அண்ணிக்காகத் திறக்கவேயில்லையாம்.

அதைக் கேட்டதும் ஒட்டிலிக்கு வந்த கோபத்தில் ஒரே மூச்சில் இரண்டு பீப்பாய்களுக்கு வளையம் ஏற்றி முடித்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். பெட்டி தன் வாசலில் நின்றே ஆகவேண்டும் அல்லவா? சங்கத் தலைவர் பங்க்ராஸ் தன் கையால் ஊற்றின ஒயினைக் குடித்தே ஆகவேண்டும். அப்போது அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது, இன்றைக்கு மண்டபத்தில் நீங்களே எனக்காகப் பேசுங்கள் என்று கெஞ்சியாவது பார்ப்பது என்று முடிவு செய்தாள். இருப்பதில் நல்ல ஒயினாகப் பார்த்துக் குடத்தில் ஊற்றினாள். மாவு உருண்டையும் பொரித்து வைத்தாள். வெள்ளைத் தலைத்துணியைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டாள்.

மேளச் சத்தம் கிட்டே வந்தது. தெருமுனை வரைக்கும் வந்தது. பிறகு தேயத் தொடங்கியது. ஒட்டிலி எட்டிப் பார்த்தாள். பெட்டியும் இல்லை, மேளமும் இல்லை, ஒரு நாய்தான் நின்றது. அப்போது மெல்கியோர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எஜமானியம்மா, ஊர்வலம் நம்ம தெருவுக்கு வரல. மீன் சந்தை வழியா திருப்பிட்டாங்க."

"யாரு திருப்புனது?"

"தலைவர்தான். உங்க கொழுந்தனார் அவர் காதுல ஏதோ சொன்னாரு. ஒடனே இந்தப் பக்கம்னு கையக் காட்டிட்டாரு."

நேருக்கு நேர் வந்து இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். வாசலையே தாண்டிப் போகாமல் ஒளிந்துபோகிறார்களே என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. குடமும் கையுமாக ஓட ஆரம்பித்தாள். செருப்புக் கடைத் தெரு, ரொட்டிக் கடைத் தெரு, கோயில் பின்புறம், அங்கே சாக்கடை ஓரம். ஒரு துறவியார்மேல் ஒயின் தெறித்தது. மன்னிக்கணும் சாமி என்று திரும்பாமலே கத்தினாள். அவர் கையை நக்கிப் பார்த்துவிட்டு ஆசீர்வாதம் செய்ததாக மெல்கியோர் பிற்பாடு சொன்னான்.

பங்க்ராஸ் செய்ததைப் பாருங்கள். ஒரே ஒரு பெண்பிள்ளைக்குப் பயந்து அவர் ஊர்வலத்தைத் திருப்பியது எங்கே? மீன் சந்தைக்கு. பேய்க்குப் பயந்து பிசாசு வீட்டுக் கதவைத் தட்டின மாதிரிதான். எங்கள் ஊரில் மண்டபம் ஆண்களுடையது, துறைமேடை ஆண்களுடையது, சாராயக்கடை சொல்லவே வேண்டாம். மீன் சந்தை மட்டும் பெண்கள் ராஜ்யம். ஆண்கள் அங்கே மீன் வாங்க வருவார்கள், இரண்டு வார்த்தை விலை பேசினால் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்கோ நோன்பு மீன் வாங்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், பீப்பாய்க்காரர்களின் பெண்டாட்டிமார்கள் உட்பட. தரை முழுக்கச் செதிளும் தண்ணீரும் விலாங்கின் வழுவழுப்பும்.

வெண்டெல் பெட்டியின் முன்தண்டைத் தோளில் வைத்திருந்தான். ஏற்கெனவே பட்டறைக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்ட நடை. போதை வேறு. மேளத்துக்கு ஏற்ப இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நடந்தான். எதிர்ச் சந்தில் குடமும் கையுமாகத் தன் அண்ணி ஓடிவருவதைக் கண்டதும் ஆட்டம் நின்றது. பின்னால் இருந்தவர்களிடம் "நடங்கடா, நடங்கடா" என்று அவசரப்படுத்தி எட்டிக் கால் வைத்தான். ஊர்சலின் கடைக்கு நேர் முன்னால் அவன் வலதுகால் ஒரு பக்கம் போயிற்று, இடதுகால் இன்னொரு பக்கம் போயிற்று. தண்டு தோளைவிட்டது. பெட்டி கல்தரையில் மோதி, தாழ்ப்பாள் தெறித்து, மூடி பட்டென்று பின்னால் சாய்ந்தது.

மேளம் நின்றது. அத்தனை தொப்பிகளும் ஒரே சமயத்தில் தலையைவிட்டு இறங்கின.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். பெட்டி விழுந்தது விபத்து. தாழ்ப்பாள் போனது போகட்டும், ஆசாரியிடம் கொடுத்தால் சரிசெய்து தருவான் என்று மூடியைத் தள்ளிவிட்டு நடந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. ஆனால் எங்கள் பீப்பாய்க்காரர்கள் பையன்களாகத் தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து, பெட்டி திறந்தால் தொப்பியை எடு, கெட்ட வார்த்தை பேசாதே, பொய் சொல்லாதே என்று அடித்து வளர்க்கப்பட்டவர்கள். மூளை யோசிப்பதற்குள் கை தலைக்குப் போய்விட்டது. முதலில் எடுத்தவர் சாட்சாத் பங்க்ராஸ்தான். அவருடைய வழுக்கை அந்த மாசி வெளிச்சத்தில் பளபளத்தது. தொப்பி இறங்கினால் சங்கம் கூடியதாக அர்த்தம். கூடின சங்கத்தில் தலைவர் மூன்று தடவை கேட்கவேண்டியதைக் கேட்காமல் மூடியைச் சாத்த முடியாது. சாத்தினால் அந்த வருஷம் கட்டுகிற பீப்பாய் எல்லாம் ஒழுகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நம்பிக்கை பொய்யோ மெய்யோ, ஒழுகுகிற பீப்பாயை யார் வாங்குவார்கள்?

பங்க்ராஸுக்கு விஷயம் உறைத்தபோது முகம் வெளுத்தது. தொப்பியைத் திரும்ப வைக்கப் பார்த்தார். சங்கத்திலேயே வயசான லாம்பர்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெறந்தாச்சு பங்க்ராஸ். கேட்டுட்டு மூடு."

"இங்கயா? மீன் சந்தைலயா?"

"பெட்டி எங்க தெறக்குதோ அதான் மண்டபம். எங்கப்பா சொல்லுவாரு."

வேறு வழியில்லாமல் பங்க்ராஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெட்டி முன்னால் யாருக்காவது ஏதாவது கேட்பதற்கு இருக்கிறதா என்று தன் தாடிக்குள்ளேயே முணுமுணுத்தார். ஊர்சல் விலாங்குத் தொட்டிக்குப் பின்னாலிருந்து, பெரியவர் சொன்னது எங்கள் வரிசைக்குக் கேட்கவில்லை, செத்த மீன் விற்கிறவள்கூட இதைவிடச் சத்தமாகக் கூவுவாள் என்றாள். சந்தையே கொல்லென்று சிரித்தது. பெட்டி திறந்திருந்ததால் பீப்பாய்க்காரர்களால் திருப்பித் திட்டவும் முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பங்க்ராஸ் இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டு முடிப்பதற்குள் கூட்டம் விலகிற்று. ஒட்டிலி முன்னால் வந்து நின்றாள். குடத்தில் பாதி ஒயின்தான் மிச்சம் இருந்தது.

"எனக்கு இருக்கு," என்றாள்.

"இந்தா யோஸ்ட் விதவை, பொம்பளைங்க மண்டபத்துப் படி ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமில்ல?" என்றார் பங்க்ராஸ்.

"நான் எந்தப் படியும் ஏறலையே பெரியவரே. மண்டபந்தான் எங்க சந்தைக்கு எறங்கி வந்திருக்கு."

இதற்குப் பெண்கள் பக்கம் எழுந்த ஆரவாரத்தில் புறாக்கள் கோயில் கோபுரத்தைவிட்டுப் பறந்தன. வெண்டெல் செதிள் ஒட்டின காற்சட்டையோடு எழுந்து நின்று, அண்ணிக்குக் காப்பாளன் நான் இருக்கிறேன், அவள் கேட்கவேண்டியதை நான்தான் கேட்கவேண்டும் என்று ஆரம்பித்தான். லாம்பர்ட் கிழவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். இந்த வருஷம் அவள் உன்னிடம் ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று கேட்டார். வெண்டெல் வாயைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான். பெட்டி முன்னால் பொய் சொன்னவனைச் சங்கத்தைவிட்டே தள்ளிவிடுவார்கள். திறந்த வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

"சொல்லி அனுப்புனாங்க," என்றான். "நாந்தான் சொல்லல."

அவனை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டவனுக்கு அன்றைக்குச் சங்க முடிவில் கை வைக்கிற உரிமை கிடையாது, தண்டில் தோளும் கிடையாது. அவன் போய் நண்டுக் கூடைகளுக்கு நடுவில் நின்றான்.

பங்க்ராஸ் லேசுப்பட்டவரா? அவரிடம் இன்னொன்று மிச்சம் இருந்தது. குரலில் தேனைத் தடவிக்கொண்டு அதைச் சொன்னார். "கேக்கறது சரிம்மா. ஆனா பெட்டி முன்னாடி தலை தெறந்து நிக்கறவங்கதான் பேசலாம். ஆம்பள ஆனாலும் பொம்பள ஆனாலும் சட்டம் ஒண்ணுதான். நீ துணி கட்டியிருக்கியே."

எங்கள் ஊரில் கலியாணம் ஆன பெண்ணின் தலைமுடியைக் கட்டினவன் தவிர வேறு ஆண் பார்த்ததில்லை. தெருவில் தலைத்துணி இல்லாமல் நிற்பவள் ஒன்று கலியாணம் ஆகாத சிறுமியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் தண்டனைக் கம்பத்தில் கட்டப்பட்டவளாக இருக்கவேண்டும். பங்க்ராஸுக்கு அது தெரியும். அதற்காகத்தான் சொன்னார். தாழ்ப்பாளைப் பார்த்தபடி மூடியில் கையும் வைத்துவிட்டார்.

ஒட்டிலிக்கு வெட்கம் காலிலிருந்து தலைக்கு ஏறியது. ஓடிவிடலாம் போலிருந்தது. கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்த முகங்கள்தான் அத்தனையும். அவளிடம் சாராயப் பீப்பாய் வாங்கினவர்கள், கோயிலில் பக்கத்தில் முழங்காலிட்டவர்கள். நாளைக்கு இவர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாள். பிறகு வெண்டெல் வீட்டு மூலையை நினைத்தாள். குனிந்து குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தாள். கஞ்சி போட்ட துணி லேசில் அவிழவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தாள்.

உள்ளே நீளமான பின்னல் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். இல்லை. இழைப்புளியில் சிக்குகிறது என்று அவள் முடியை எப்போதோ காதளவுக்கு வெட்டிவிட்டிருந்தாள். பாதி நரைத்த குட்டை முடி, ஓடிவந்த வியர்வையில் ஒட்டிக் கோழிக்குஞ்சு மாதிரி நின்றது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஒட்டிலிக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது ஊர்சல் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஆள் நல்ல தாட்டியம். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் தலைத்துணியைப் பிடுங்கி விலாங்குத் தொட்டிக்குள் எறிந்தாள். "அப்பாடி, காலைலேர்ந்து தலை அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு," என்றாள்.

அவ்வளவுதான். நண்டுக்காரிக்கும் அரித்தது. கருவாட்டுக்காரிக்கும் அரித்தது. மீன் வாங்க வந்தவர்களுக்கும் அரிக்கத் தொடங்கியது. வெள்ளைத் துணிகள் சந்தை முழுக்கப் பறந்தன. கறுப்பு, செம்பட்டை, நரை, வழுக்கை விழுந்த உச்சி என்று அதுவரை ஊர் பார்க்காததெல்லாம் பார்த்தது. ஆண்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சிலர் வானத்தைப் பார்த்தார்கள், சிலர் மீனைப் பார்த்தார்கள். குழல்காரன் தன் குழலின் ஓட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒட்டிலி பேசினாள். ஆரம்பத்தில் குரல் தழுதழுத்தது, போகப் போக உறுதிப்பட்டது. "பட்டறைய எங்கிட்டயே விடுங்க. நான் எப்பவும் செஞ்ச வேலையத்தான் செய்யப்போறேன். உங்க சட்டத்துக்கெல்லாம் கட்டுப்படறேன். ஆனா அதுக்காக யாரையும் கட்டிக்க மாட்டேன். மெல்கியோரையும் கட்டிக்க மாட்டேன், அவனுக்கு வேற எடத்துல மனசு இருக்கு."

"எந்த எடத்துல?" என்றாள் ஊர்சல்.

மெல்கியோர் காது நுனிவரை சிவந்து விலாங்குத் தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கே ஊர்சலின் மகள் அம்மாவின் தலைத்துணியை மீன்களிடமிருந்து மீட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிவந்தாள். அப்படியா சங்கதி, இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஊர்சல் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். மெல்கியோருக்கு மூச்சுவிட மறந்துவிட்டது.

கேட்ட கேள்விக்கு முடிவு சொல்லாமல் பெட்டியை மூடக் கூடாது. ஒத்துக்கொள்கிறவர்கள் பெட்டி விளிம்பில் கை வைக்கவேண்டும், எல்லாக் கையும் விழவேண்டும்; மறுப்பதானாலும் அத்தனை பேரும் ஒருமித்தே மறுக்கவேண்டும். லாம்பர்ட் முதல் ஆளாக வைத்தார். மற்றவர்கள் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பொம்பளைக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து கேட்கும் என்றார் பங்க்ராஸ். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு பனியும் மழையுமாகக் கொட்டத் தொடங்கியது. தொப்பி போட முடியாது. ஒதுங்கவும் முடியாது. பெண்கள் கடைகளின் சாய்ப்புக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஊர்சல் அடுப்பில் இருந்த மீன் குழம்பை அகப்பையால் கிண்டினாள். வேண்டுமென்றே மெதுவாகக் கிண்டினாள். மண்டபத்தில் வாத்து வறுவல் ஆறிக்கொண்டிருக்கும் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், கௌரவம் பதினொன்றாவது. தும்மிக்கொண்டே ஒருவர் கை வைத்தார். மழைத்தண்ணீர் முதுகில் இறங்கி இன்னொருவர் வைத்தார். இன்னும் பலர் வைக்கவில்லை. எல்லாரும் பங்க்ராஸையே பார்த்தார்கள். அவர் வழுக்கையில் தண்ணீர் வழிந்தது, அவர் அசையவில்லை.

அப்போது சாய்ப்புக்குக் கீழேயிருந்து ஒரு பெண் மழைக்குள் இறங்கி நடந்து வந்தாள். பங்க்ராஸின் மனைவி பெட்ரோனெல்லா. ஊரில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வந்து அவர் முன்னால் நின்று, தலைத்துணியை நிதானமாக அவிழ்த்து, நான்காக மடித்து, அவர் கையில் இருந்த தொப்பிக்குள் வைத்தாள்.

"நாளைக்கு நீங்க கண்ண மூடுனா, நான் யார் வீட்டு மூலைல போயி ஒக்காரணும்? அதையும் இப்பவே சொல்லிருங்க."

பங்க்ராஸ் தொப்பிக்குள் இருந்த துணியைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாத இடம் அது. கூட்டத்தில் இருந்த மற்றப் பெண்டாட்டிமார்கள் ஆளுக்கு ஒருவராக இறங்கிவந்து தங்கள் தங்கள் புருஷன் பக்கத்தில் நின்றார்கள். சும்மா நின்றார்கள். பெட்டி விளிம்பில் கைகள் விழ ஆரம்பித்தன. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன, இடம் போதாமல் அடுத்தவர் கைமேலேயே வைத்தார்கள். கடைசியில் பங்க்ராஸும் வைத்தார்.

சட்டப்படி தலைவர் அதை அறிவிக்கவேண்டும். அவர் நிமிர்ந்து, பீப்பாய்க்காரர் சங்கத்தில் இன்றைக்கு முதல், என்று பெரிய குரலில் ஆரம்பித்தார். அப்படியே நின்றார். மனைவி பக்கம் சாய்ந்து காதோடு எதையோ கேட்டார். அவள் முகத்தைத் திருப்பாமல், அவளையே கேளுங்கள் என்றாள்.

"ஒம் பேரென்னம்மா?" என்றார் பங்க்ராஸ்.

அவள் கலியாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவருடைய தெருவுக்கும் இவளுடைய தெருவுக்கும் நடுவில் ஒரு சந்துதான். அவருக்கு உடம்பு முடியாதபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். யோஸ்ட் பெண்டாட்டி என்பார், பிறகு யோஸ்ட் விதவை என்றார். ஒட்டிலிக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் பேரைச் சொல்ல முடியாமல் திணறினாள்.

"ஒட்டிலி," என்றாள்.

"ஒட்டிலி," என்று பங்க்ராஸ் சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். யோஸ்ட் போனபிறகு அந்தப் பேரை ஓர் ஆண் குரலில் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் வாய்விட்டு அழுதாள். மூடி சாத்தப்பட்டது, தொப்பிகள் தலைக்கு ஏறின, மேளக்காரன் ஈர மேளத்தை அடி அடியென்று அடித்தான். ஊர்சல் ஓர் ஆட்டக்காரனிடமிருந்து வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு சந்தை நடுவில் சுற்றினாள். நண்டுக்காரி அதற்குள் புகுந்து புறப்பட்டாள். லாம்பர்ட் கிழவர் குடத்தில் மிச்சமிருந்த ஒயினை யாரையும் கேட்காமல் குடித்து முடித்தார்.

பெட்டியைத் தூக்கவேண்டும். முன்தண்டில் வெண்டெலின் இடம் காலியாக இருந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒட்டிலி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பாவாடையை இடுப்பில் செருகிக் குனிந்து, தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். தலைத்துணியைத் தேட நேரம் இல்லை. ஒன்று, இரண்டு என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். எழுந்தாள். பெட்டி கனமாகத்தான் இருந்தது.